பூக்குடலையும் பொன்முடியும்

திருவேற்காட்டுக் கோயில் வீதியில் பூக்கட்டி விற்கும் அன்னை ஒருத்தியின் மகன் என் மாணவன். 2022-லும் 2023-லும் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தைக் கண்டபின், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் படித்து முடித்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென்று கேட்பான் என எண்ணினேன். அவன் கேட்டதோ வேறு: "ஐயா, சேந்தன் அமுதன் பூக்காரியின் பிள்ளையாகவே இருந்திருந்தால் அவனுக்கு முடி கிடைத்திருக்குமா?"

தோழர்களே! இந்தக் கேள்விக்கு விடைகூற நாம் கடமைப்பட்டவர்கள்.

1950 முதல் 1954 வரை கிழமைதோறும் தமிழரைக் காத்திருக்க வைத்த கதை அது. அதன் நடையழகை மறுப்பாரில்லை. ஆனால், கொலையும் சதியும் குடும்ப மறைபொருளும் பின்னிய முடிச்சு அவிழும்போது வெளிவருவது என்ன? தஞ்சையில் பூத்தொண்டு செய்து, வாய் பேசாத வாணியின் அரவணைப்பில் வளர்ந்த அமுதன், செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளையாம்! அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவனோ வேறொருத்தி பெற்றவனாம்! உடனே முடி இடம் மாறுகிறது. அமுதனின் அன்பும் அடக்கமும் நேற்றும் இருந்தன. அவற்றுக்கு யாரும் முடி சூட்டவில்லை. குணம் கொடுக்காத முடியைக் குருதி கொடுக்கிறது!

வரலாற்றில் இந்தப் பிள்ளை மாற்றத்துக்குச் சான்று உண்டா? இல்லை. உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன் என்பதே கல்வெட்டுகள் கூறும் செய்தி. கற்பனை செய்ய ஆசிரியருக்கு உரிமையுண்டு. அக்கற்பனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க நமக்கும் உரிமையுண்டு.

இது கல்கி ஒருவரின் வழக்கமன்று. தேரோட்டி வளர்த்த கர்ணனின் வீரத்துக்குக் குந்தியின் வயிற்றைக் காரணம் காட்டினர். ஆங்கில நாட்டின் டிக்கன்சும், ஏழையர் விடுதியில் பிறந்த ஆலிவர் துவிஸ்டை இறுதியில் செல்வர் வீட்டுப் பிள்ளையாக்கினார். எளியவன் நல்லவனாக இருந்தால், அவன் எளியவனே அல்லன் என்று காட்டிவிட வேண்டும். என்னே இவர்கள் நீதி!

இனி, கொலைக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, 985-இல் அரியணை ஏறிய இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டினது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் எனக் கொலைகாரர்களைப் பெயர் சொல்லியே அது சுட்டுகிறது. பின்னிருவர் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற அந்தண அலுவலர். தூண்டியவர் யார்? உத்தம சோழன்மேல் ஐயுற்றார் நீலகண்ட சாத்திரியார். அதை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். சான்று காட்டி வாதிட்டனர்; அதுவே அறிவின் வழி.

ஆனால் அந்தக் கல்லும் குற்றமற்றதன்று! கொன்றவரின் உடைமையோடு நின்றதா தண்டனை? தாய், மனைவி, மக்கள், மாமன், பெண்ணெடுத்த மருமகன் வரை அத்தனை பேர் உடைமையையும் பறிக்க ஆணையிட்டது. கதையில் குருதி முடி சூட்டுகிறது. கல்லில் குருதி தண்டனை பெறுகிறது. இரண்டும் ஒரே மூடநம்பிக்கையின் இரு கைகள்! அந்தப் பட்டப்பெயரைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு சாதியையே கொலைகாரச் சாதி என்று மேடையில் முழங்குவோர் நம்மிலும் உளர். அவர்களும் அந்தக் கையைத்தான் பற்றி நிற்கிறார்கள். பிறப்பில் உயர்வில்லை என்று பேசும் நாம், பிறப்பில் குற்றமும் இல்லை என்று கூற அஞ்சலாமா?

மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, அந்தக் கதையில் கிடைத்திராது. ஆனால் கதை எழுதியவர்மேல் சினங்கொண்டு நூலை எறியாதே. விறுவிறுப்பை நுகர், பிறப்பின் மறைபொருள் வெளியாகும் பக்கத்தில் மட்டும் நின்று, என்னிடம் கேட்டதையே மீண்டும் கேள்."

இன்னாரின் மகன் என்பதற்காகவே நாற்காலி தேடுவோர் உள்ளவரை, அக்கேள்வி ஓயலாகாது. பூக்குடலை சுமந்த கை, பூக்குடலை சுமந்த கையாகவே நாடாளத் தகும்!