இறுதி நாள் யாருக்கு உரியது?

ஆண்டு முழுவதும் உழைத்து, ஊதியத்தில் ஒரு பகுதியைச் சேமித்து, கணவனும் மனைவியுமாய் ஒரு வாரம் வெளிநாடு சென்று வருவது இன்று நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர்த் திங்களில் தொடங்குகிறது. இலையுதிர் காலத்துத் தோக்கியோவைக் காண விரும்பும் ஆசிரியத் தம்பதியர்க்கு அது வாய்ப்பான பருவம். அவர்கள் பயணம் செல்வது குறித்து எனக்கு எந்த வழக்கும் இல்லை. அப்பயணத்தின் இறுதி நாளை அவர்கள் செலவிடும் முறையே என் வழக்கு.

அன்று காலை உணவு முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பட்டியல் வெளிவருகிறது. அத்தைக்கு முழங்கால் வலிக்கான ஒட்டுமருந்து, மைத்துனர்க்குக் கைக்கடிகாரம், பக்கத்து வீட்டார்க்கு மிட்டாய், உடன் பணியாற்றுவோர்க்குக் கைக்குட்டை! பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். இரவு விடுதிக்குத் திரும்பியதும் பெட்டியை எடை பார்த்து, பிரித்து, மீண்டும் அடுக்குகிறார்கள். அடுக்குபவர் யார்? பெரும்பாலும் மனைவியே. பட்டியலை நினைவில் வைத்திருப்பவரும் அவரே. யாருக்கு எது குறைந்தது என்ற பேச்சு ஊர் திரும்பியபின் வந்து சேர்வதும் அவரிடமே. கணவனுக்கு ஏழு நாள் விடுமுறை என்றால் மனைவிக்கு ஆறே நாள். இந்த அநீதிக்கு நாம் உறவு பேணுதல் என்று அழகிய பெயர் சூட்டியிருக்கிறோம்.

இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். நவம்பர் இறுதியில் தோக்கியோவில் கதிரவன் மாலை நாலரை மணி அளவில் மறைந்துவிடுகிறான். பகற்பொழுது ஏறத்தாழ 10 மணி நேரமே. கடைகளோ இருட்டிய பின்னரும் விளக்கொளியில் திறந்திருக்கும். இரவிலும் வாங்கக்கூடிய பொருளுக்காக, பகலில் மட்டுமே காணக்கூடிய காட்சியைக் கைவிடுவது எவ்வகை அறிவுடைமை?

அக்காட்சி எளிதில் கிட்டுவதன்று. நவம்பர்ப் பிற்பகுதியிலிருந்து டிசம்பர்த் தொடக்கம் வரையிலான சில நாள்களில் அந்நகரத்துக் கிங்கோ மரங்கள் பொன்னிறம் கொள்கின்றன. மெய்ஜி ஜிங்கு கையென் பகுதியில் 300 மீட்டர் நீளத்திற்கு நான்கு வரிசையாக 146 கிங்கோ மரங்கள் நிற்கின்றன. அவை 1923ஆம் ஆண்டில் நடப்பட்டவை. அவற்றின் நிழலில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. அவ்வட்டாரத்தை மாற்றியமைக்கும் திட்டத்திற்கு 2023இல் மாநகர அரசு ஒப்புதல் அளித்தது. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரியுய்ச்சி சகாமோத்தோ தம் இறுதி நாள்களில் ஆளுநர்க்குக் கடிதம் எழுதி அத்திட்டத்தை எதிர்த்தார். 2024 அக்டோபரில் அவ்வட்டாரத்தின் வேறு மரங்களை வெட்டும் பணி தொடங்கிவிட்டது. கிங்கோ வரிசைகள் காக்கப்படும் என்று திட்டத்தார் கூறினாலும், அவற்றின் வேர்களுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் அந்நகர மக்களிடம் எழுந்தது. மரத்திற்காக அவர்கள் குரல் எழுப்பிக்கொண்டிருக்க, நம்மவர் அதே நகரில் விலைச்சீட்டை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்!

இலக்கியம் கற்பிப்போர்க்கு இன்னோர் இடமும் உண்டு. கொமகோமே நிலையத்தருகே உள்ள ரிக்குகியென் தோட்டத்தை 1702இல் யனகிசாவா யோஷியாசு அமைத்தார். ‘ரிக்குகி’ என்பது கவிதையின் ஆறு வகைகளைக் குறிக்கும் சொல். பழங்கவிதைகள் பாடிய இடங்களை நினைவூட்டும் 88 காட்சிகளைக் குன்றும் குளமும் மரமுமாக அங்கே படைத்தார்கள். கவிதையை வாசிப்பதோடு நில்லாமல் அதனுள் நடந்து செல்லவும் வழி செய்த தோட்டம் அது. தமிழாசிரியர் ஒருவர் அந்த வாயில்வரை சென்று, பட்டியல் முடியவில்லை என்று திரும்பினால் அதை என்னென்பது?

நம் இலக்கணத்தையே கேட்போம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அக்கூதிரைத் தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதாக வகுத்தார். குறிஞ்சியின் உரிப்பொருள் தலைவனும் தலைவியும் கூடியிருத்தல். தோக்கியோவின் இலைகள் பொன்னாவதும் நம் கார்த்திகைத் திங்களிலேதான். அவர்கள் நாட்டுத் தட்பவெப்பம் வேறு என்பது மெய்யே. ஆயினும் வகுப்பறையில் இதனை விளக்கி மதிப்பெண் வழங்கும் நாம், இருவர்க்கென்று இலக்கணம் ஒதுக்கிய பருவத்தை உற்றார் பட்டியலுக்குத் தாரை வார்க்கலாமா?

“வெறுங்கையோடு திரும்பலாமோ?” என்று சிலர் கேட்பர். வேண்டாம். ஜப்பானியரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பயணம் சென்றவர் உறவினர்க்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் ‘ஓமியாகே’ என்னும் தின்பண்டப் பெட்டி கொண்டுவருவது அவர்கள் மரபு. அப்பெட்டிகள் இரயில் நிலையங்களிலேயே கிடைக்கும். உள்ளே ஒவ்வொரு துண்டும் தனித்தனியே உறையிட்டுப் பகிர்வதற்கு ஏற்றதாய் இருக்கும். கால்மணி நேரத்தில் கடமை முடியும். இலை நிறம் மாறுவதைக் காணச் செல்வதற்கோ அம்மக்கள் ‘மொமிஜிகாரி’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கொடுப்பதற்குக் கால்மணியும் காண்பதற்கு ஒரு பகலும் என வகுத்துக்கொள்ள நமக்கு ஏன் இயலவில்லை?

“முதல் ஆறு நாள்களிலேயே எல்லாம் பார்த்தாயிற்று” என்பர் வேறு சிலர். முதல் நாள்களில் நாம் வரைபடத்தைத்தான் பார்க்கிறோம். எந்த இரயிலில் ஏறுவது, எங்கே இறங்குவது என்ற கவலை கண்ணை மறைக்கிறது. யமனொத்தே வட்டப் பாதையின் 30 நிலையங்களுள் நாலைந்தின் பெயரேனும் நாவில் பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடுகிறது. நகரம் பழகிய நாள் இறுதி நாள்தான். அச்சம் நீங்கி இருவரும் பேசிக்கொண்டே நடக்கத்தக்க ஒரே நாளும் அதுவே.

இவ்வழக்கத்தில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு. விடுமுறைப் பயணம் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகள், பொருள்கள் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பியதாக முடிகின்றன. நாமும் பிழையில்லை என்று சிவப்பு மையால் குறியிட்டு விடுகிறோம். அந்த மாணவர் நாளை கணவராகவும் மனைவியாகவும் பயணம் செல்லும்போது நாம் ஏற்றுக்கொண்ட அதே வாக்கியத்தை வாழ்ந்து காட்டுகிறார்கள். இனி ‘பயணத்தின் இறுதி நாள்’ என்றே தலைப்புக் கொடுங்கள். கடை என்ற சொல் இன்றி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எதனைக் கண்டார்கள் என்பது அப்போது தெரியும்.

மாணவர்களே, உங்கள் பெற்றோர் அடுத்த முறை புறப்படும்போது பட்டியல் கொடுக்காதீர்கள். ஆசிரியர்களே, பரிசுகளை இரண்டாம் நாளே வாங்கிவிடுங்கள். பெட்டியை இருவரும் சேர்ந்து அடுக்குங்கள். இறுதி நாளின் பத்து மணி நேர வெயிலை, அதற்காக ஆண்டு முழுவதும் உழைத்த இருவர்க்கே விட்டுவிடுங்கள்.