பச்சைக் கோட்டுக்கு ரீசெட் எதற்கு?

திரையில் பச்சைக் கோடு விழுந்த போன்களுக்கு இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித் தரும் திட்டத்தை ஒரு போன் நிறுவனம் நீட்டித்துவிட்டது என்றதும் நிம்மதி அடைந்தவர்கள், அறிவிப்பின் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படிக்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். வாங்கி மூன்று ஆண்டுகள் தாண்டியிருக்கக் கூடாது, கண்ணாடியில் கீறல் கூடாது, உள்ளே ஈரம் பட்ட அடையாளம் கூடாது, பில் கையில் இருக்க வேண்டும் என்பவை பழைய நிபந்தனைகள். அவற்றையே நியாயம் என்று சொல்ல முடியாது. இப்போது சேர்ந்திருப்பது அவற்றையெல்லாம் மிஞ்சிவிட்டது. முதலில் உதவி எண்ணை அழைக்க வேண்டுமாம். அவர்கள் சொல்லும் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டுமாம். கடைசியில் போனை முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்து, புகார் எண்ணோடு வந்தால்தான் சர்வீஸ் சென்டரில் டோக்கனே கிடைக்குமாம்.

இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். அரைகுறையாகத் தளர்த்துவதெல்லாம் போதாது.

பச்சைக் கோடு மென்பொருளால் வந்ததா, டிஸ்ப்ளேயால் வந்ததா என்று தெரிந்துகொள்ள இன்ஜினீயர் வர வேண்டியதில்லை. கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் உள்ள வேறொரு போனுக்கு அனுப்பிப் பார்த்தால் போதும். அந்தப் படத்தில் கோடு இருக்காது. மென்பொருள் தயாரித்த படத்தின் நகல்தான் ஸ்கிரீன்ஷாட். கண்ணாடிக்கு அடியில் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பது அதில் பதிவாகாது. படம் ஒழுங்காக இருந்து திரையில் மட்டும் கோடு தெரிந்தால், பழுது டிஸ்ப்ளே பக்கம். அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிர்வது. அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய இணைப்புகள் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். சூட்டாலோ ஈரத்தாலோ அந்த ஒட்டு விட்டுப்போனால் மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை அணையாமல் எரியலாம். அப்டேட் ஏறிய இரவில் போன் கொதித்தது, விடிந்தால் கோடு நின்றது என்று இத்தனை பேர் சொல்கிறார்கள். அப்டேட்டுக்கும் கோட்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்று நிறுவனம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. விட்டுப்போன ஒட்டை ரீசெட் எப்படி ஒட்டும் என்றும் சொல்லவில்லை. பல்வலி என்று வந்தவரை மொட்டையடித்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

மொட்டையாவது மூன்று மாதத்தில் முளைத்துவிடும். ரீசெட்டில் போனது எல்லாம் அப்படித் திரும்பி வருவதில்லை. பேக்அப் எடுக்காத வாட்ஸ்அப் உரையாடல்கள் போனால் போனதுதான். வங்கிக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கும் ரகசிய எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வேறெங்கும் சேமித்து வைக்காதவர், தன் கணக்குகளுக்கு வெளியே தானே நிற்க வேண்டியதுதான். யுபிஐ செயலியில் மறுபடி சிம்மைச் சரிபார்த்து, வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பதிந்த போனிலிருந்து முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் பல வங்கிகள் அனுப்ப விடுவதில்லை. மொத்த வியாபாரிக்குப் பணம் போட்டால்தான் மறுநாள் சரக்கு என்று இருக்கும் மளிகைக்கடைக்காரருக்கு இந்த ஒரு நாள் என்னவென்று, அறிவிப்பை எழுதியவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

பேக்அப் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது? ஒற்றைக் கோட்டோடு நிற்பவர் பாக்கியசாலி. நாளுக்கு நாள் கோடுகள் பெருகி, முழுத் திரையும் வெளுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத திரையில் செட்டிங்ஸைத் தேடிப்போய் ரீசெட் செய்யச் சொல்கிறது உதவி மையம். அது முடியாவிட்டால் பக்கவாட்டுப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொல்கிறது. அப்படி அழித்தால் போன் திரும்பத் திறக்கும்போது பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதைச் சொல்வதில்லை. மகனோ மருமகளோ வாங்கி, எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த போனை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தக் கடவுச்சொல் எங்கிருந்து தெரியும்? புகாரை உறுதிசெய்யும் ஓடிபியும் அதே வெளுத்த திரைக்குத்தான் வருகிறது.

வாடிக்கையாளரின் தரவைக் காப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று உதவி மையத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பழுதுபார்ப்பவர் கண்ணில் படாமல் தரவை மறைத்து வைக்கும் மெயின்டெனன்ஸ் மோடை சாம்சங் 2022-லேயே கொண்டுவந்துவிட்டது. கூகுள் தன் பிக்சல் போன்களில் ரிப்பேர் மோடை 2023 டிசம்பரில் தந்தது. எதையும் அழிக்காமல் போனைக் கொடுத்துவிட்டு வர வழி இருக்கும்போது, அழித்துவிட்டு வா என்பதைத் தரவுப் பாதுகாப்பு என்று யாரும் நம்பப்போவதில்லை. பாதிப் பேர் சலித்துப்போய்க் காசு கொடுத்து ரிச்சி தெருவில் மாற்றிக்கொள்வார்கள், இலவச டிஸ்ப்ளேக்கு ஆகும் செலவு குறையும் என்பதுதான் கணக்கு என்று மக்கள் பேசுவதில் தவறில்லை. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது நிறுவனமேதான்.

உதவி எண்ணில் பேசும் இளைஞர்கள்மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் ஒரு படியைத் தாண்டினால்தான் அடுத்தது திறக்கும். கோளாறு அந்தப் படிகளை வகுத்தவர்களிடம் இருக்கிறது.

அவர்களுடைய சரித்திரமும் நமக்குப் புதிதல்ல. விற்கும்போது ஆண்டுக்கணக்கில் அப்டேட் தருவோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, பாதியில் கைவிட்டவர்கள் இவர்களே. சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டு, அதே சார்ஜரைத் தனிப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஓர் அப்டேட்டில் போன்கள் லோகோவைத் தாண்டாமல் திரும்பத் திரும்ப எழுந்து விழுந்துகொண்டிருந்தபோது, மதர்போர்டு போய்விட்டது, வாரன்டியும் முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள் என்றார்கள். சத்தம் பெரிதான பிறகுதான் பணம் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். அதற்குள் கட்டியவர்களின் பணம் திரும்பியதாக நாம் கேள்விப்படவில்லை. தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு வசதி செய்தார்கள். இரண்டை அழுத்தியவர்கள் இந்தியில் பேசிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தத்துக்கு மட்டும் அவர்களிடம் என்றுமே பற்றாக்குறை இருந்ததில்லை.

தட்டிக் கேட்க ஆள் இருந்தால் இந்தத் துணிச்சல் வராது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, இந்தியாவிலும் பேட்டரி மாற்றும் கட்டணம் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்கு இறங்கியது. அப்டேட் போட்டால் போன் மந்தமாகலாம் என்று முன்கூட்டியே சொல்லாததற்காக, 2020-ல் பிரான்ஸ் அரசு அதே நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்வது கட்டாயம்.

இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை மத்திய அரசு திறந்தது. பொருள்களின் பழுதுநீக்கத் தகுதிக்கு மதிப்பெண் போடுவது பற்றிய குழுவின் அறிக்கை 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் கைக்குப் போனது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், அந்தப் போன் வேலை செய்தால். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. ஆனால் பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் தீர்ப்புக்குச் சட்டமே 5 மாதம் தருகிறது. இலவசத் திட்டத்தின் கெடு அதுவரை காத்திருக்காது.

நுகர்வோர் நலனுக்கு ஊறு செய்யும் வழக்கங்களை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. அது உரிய முறையில் தலையிட வேண்டும். மாநில அரசும் தன்னால் ஆனதைச் செய்யட்டும். நிறுவனம் அதற்கெல்லாம் காத்திருக்காமல் இந்த நிபந்தனையை உடனே நீக்க வேண்டும். அதை நம்பிப் போனை அழித்துவிட்டு, பிறகு கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருக்கிறதென்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன செய்யப்போகிறது என்பதையும் அதே அறிவிப்பில், பொடி எழுத்தில் அல்லாமல், சொல்ல வேண்டும்.