முதல் பெயர் இல்லாத உயில்

"என் காலத்துக்குப் பிறகு எல்லாம் என் மனைவிக்கே." வயதான கணவர்கள் எழுதும் உயில்களில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கும். மனைவி முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று அடுத்த வரி எழுத யாருக்கும் கை வருவதில்லை. அவர் போன பிறகோ பீரோவில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவே மனம் வராது.

எடுத்துப் பார்ப்பது நல்லது. உயில் எழுதியவருக்கு முன்பே சொத்தைப் பெற வேண்டியவர் இறந்துவிட்டால் அந்த ஏற்பாடு செல்லாமல் போய்விடும் என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 105வது பிரிவு. அடுத்து யாருக்கு என்று உயில் சொல்லாவிட்டால், உயிலே எழுதாதவரின் சொத்தைப் போல அது பங்கிடப்படும். இந்து ஆண் என்றால் மகன், மகள், உயிரோடிருந்தால் தாய் எல்லோருக்கும் சம பங்கு. அதுதான் விருப்பம் என்றால் பதறத் தேவையில்லை. ஆனால், கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு வீட்டைக் கொடுக்க நினைப்பவர் அதை எழுதித்தான் ஆகவேண்டும்.

வீடு இருவர் பெயரிலும் இருந்ததா? இன்னொரு சிக்கல். உயில் எழுதாமல் இறந்த மனைவியின் பாதி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. முழு வீட்டையும் ஒருவருக்கு எழுத அவருக்கு உரிமை இல்லை.

அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் குழந்தையில்லாத விதவைகள். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், திருமணமான மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் இறந்தார். புகுந்த வீடு பெண்ணைத் துரத்திவிட்டது. பிறந்த வீட்டில் படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த அவர் 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். தாய் உரிமை கோரினார். கிடைத்தது கணவரின் சகோதரி மகன்களுக்கு! இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவில் பெண்ணின் பெற்றோருக்கு முன்னால் கணவரின் வாரிசுகள் நிற்கிறார்கள். அனுதாபம் சட்டத்தை மாற்றாது என்றது நீதிமன்றம். நாலு வரி உயில் இருந்திருந்தால் அந்த வழக்கே இல்லை.

புதிய உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பழைய உயிலை ரத்து செய்வதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் மனைவிக்கே தரப்பட்டிருந்தால் அதற்கும் வேறு பெயர் தேவை. வங்கியிலும் எல்ஐசியிலும் நாமினியைத் தனியாக மாற்றவேண்டும். வங்கி நாமினியை உயில் மாற்றாது.

எப்போது எழுதுவது? காரியம் முடிந்த கையோடு வேண்டாம். துக்கத்தில் இருந்தவரை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் வழக்குப் போட அதுவே வசதியாகிவிடும். சில மாதம் கழித்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையே ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.