வரிசையை நம்பிக் கேக் வாங்கலாமா?

புது ஊரில் எந்தக் கடையில் சாப்பிடுவது என்று தெரியாவிட்டால் நம்மவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: கூட்டம் எங்கே நிற்கிறது? கும்பகோணத்திலும் திண்டுக்கல்லிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அதே கணக்கோடு நியூயார்க்கில் போய் இறங்கி, கப்கேக் கடை கடையாக ஏறி, எது முதலிடம் என்று தீர்ப்பு எழுதப் புறப்படுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வெளிநாட்டில் கேக் கடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வெட்டி வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அருங்காட்சியகங்களைச் சுற்றி வருவதைப் போலவே ஒரு நகரத்தை அறிய அதுவும் நல்ல வழி. கடைக்கு முன்னால் நிற்கும் வரிசையைச் சுவைக்குச் சாட்சியாக ஏற்பதில்தான் பிழை இருக்கிறது. நம் ஊர் இட்லிக் கடை வாசலில் நிற்பவர் நேற்றும் வந்தவர், நாளையும் வரப்போகிறவர். இட்லி கல்லாகிவிட்டால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அந்தக் கூட்டம் தினந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒரு தீர்ப்பு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்து நிற்பவர்களால் ஆன வரிசைக்கு அந்த மதிப்பு கிடையாது. அவர்களில் யாரும் இன்னும் அந்தக் கேக்கைத் தின்று பார்த்ததுகூட இல்லை.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அங்கே கிட்டத்தட்ட ஒரு சோதனைக்கூடத்தில் நடப்பதுபோல இந்தக் கேள்வி சோதிக்கப்பட்டிருக்கிறது. 1996இல் மன்ஹாட்டனின் வெஸ்ட் வில்லேஜ் பகுதியில், ப்ளீக்கர் தெரு முனையில், ஜெனிஃபர் ஆப்பெல், அலிசா டோரி என்ற இரு பெண்கள் மக்னோலியா பேக்கரியைத் தொடங்கினார்கள். பழைய அமெரிக்க வீட்டுச் சமையலறைக் கேக்குகளை விற்கும் அக்கம்பக்கத்துக் கடை அது. பெரிய கேக்குக்குக் கரைத்த மாவில் மிஞ்சியதை வீணாக்காமல் கப்கேக்காகச் சுட்டதுதான் தொடக்கம் என்பார்கள். பிறகு 2000இல் ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ தொலைக்காட்சித் தொடரில், கதாநாயகியும் தோழியும் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து கப்கேக் தின்றபடி பேசும் ஒரு சிறு காட்சி வந்தது. அதோடு கடையின் தலையெழுத்து மாறியது. தொடரில் வந்த இடங்களைக் காட்டும் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின. வரிசை தெரு முனையைத் தாண்டி வளைந்தது. கடைக்குள் கேக் செய்முறையில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. மாறியது வெளியே நின்றவர்களின் தொகை மட்டும்.

இதற்கிடையே மக்னோலியா குடும்பமும் கிளைவிட்டது. நிறுவியவர்களில் ஒருவரான ஆப்பெல் பிரிந்துபோய் 1999இல் பட்டர்கப் பேக் ஷாப்பைத் திறந்தார். மக்னோலியாவில் வேலை பார்த்த ஒருவர் 2003இல் செல்சி பகுதியில் பில்லீஸ் பேக்கரியைத் தொடங்கினார். பட்டர்கப்பில் வேலை பார்த்த இருவர் அதே ஆண்டு லோயர் ஈஸ்ட் சைடில் ஷுகர் ஸ்வீட் சன்ஷைனைத் தொடங்கினார்கள். நான்கும் ஒரே அடுப்பின் வாரிசுகள். அதே வெண்ணெய்க் கேக், தலையில் அதே பாணியில் கத்தியால் சுழித்துப் பூசிய இளநிற ஐசிங். சுவையால்தான் கூட்டம் சேர்கிறது என்றால் நான்கு வாசலிலும் ஏறக்குறைய ஒரே கூட்டம் நின்றிருக்க வேண்டும். பேருந்து நின்றதோ ஒரு வாசலில் மட்டும்தான். கைமணம் ஆளுக்கு ஆள் மாறும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே வம்சத்துக் கேக்குகளுக்கிடையே வரிசையில் தெரிந்த அத்தனை பெரிய வித்தியாசத்தைக் கைமணத்தின் கணக்கில் எழுத முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கூட்டம் இருந்தால் சரக்கு சீக்கிரம் தீரும், சீக்கிரம் தீர்ந்தால் புதிதாகச் சுட்டது கிடைக்கும், ஆகவே யார் நின்றாலும் கூட்டம் நல்லதுதானே என்பார்கள். பாதி உண்மை இது. கப்கேக் விஷயத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றுகூட ஒப்புக்கொள்ளலாம். சின்னக் கேக்குக்கு அதன் உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். அதனால் பெரிய கேக்கைவிட வேகமாக உலரும். குளிர்பெட்டியில் வைத்தாலோ நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்தக் குளிரில்தான் மைதாவிலுள்ள மாவுச்சத்து வேகமாக இறுகிக் கேக்கை விறைக்க வைக்கும். காலையில் பஞ்சாக இருந்தது மாலையில் ரஸ்க்கின் தம்பியாகிவிடும். ஆகவே விற்பனை வேகம் ஒரு நன்மைதான். ஆனால் அந்த வேகத்தை அறிய வரிசையைப் பார்க்கத் தேவையில்லை. கண்ணெதிரே சுடுகிறார்களா, தட்டு காலியானதும் அடுத்தது உள்ளேயிருந்து வருகிறதா என்று பார்த்தால் போதும். அன்றாடத் தேவைக்கு அளவாகச் சுடும் சின்னக் கடையிலும் புதிய கேக் கிடைக்கும். ஊரெங்கும் கிளை பரப்பி, பொதுச் சமையற்கூடத்தில் சுட்டு வண்டியில் அனுப்பும் கடையில், வாசலில் கூட்டம் நின்றாலும் கிடைக்காமல் போகலாம்.

திரும்பி வராத வாடிக்கையாளரை நம்புவதன் ஆபத்துக்கு அதே நகரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 2003இல் மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில் தொடங்கிய க்ரம்ஸ் கடை, உள்ளங்கையை நிறைக்கும் ராட்சத கப்கேக்குகளுக்குப் பேர்போனது. 2011இல் அதன் பங்குகள் நாஸ்டாக் சந்தையில் வர்த்தகமாயின. கப்கேக்கை வைத்து ஒரு பங்குச்சந்தை நிறுவனமே நடந்தது. ஆனால் 2014 ஜூலையில் ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டார்கள். அவசரமாகக் கிளைகள் திறந்தது, வாடகை, போட்டி என்று காரணம் பல சொல்லலாம். ஆனால் க்ரம்ஸ் மூடுவதற்கு முந்தைய ஆண்டில், மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில் டொமினிக் ஆன்செல் என்ற பேக்கரிக்காரர் அறிமுகப்படுத்திய க்ரோனட்டை, அதாவது குரோசானும் டோனட்டும் கலந்த பண்டத்தை, தேடி விடியற்காலையிலேயே வரிசை நின்றது. புதுமை தேடும் கூட்டத்துக்கு அடுத்த புதுமை கிடைத்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். ராட்சதக் கேக்கை ஒருமுறை வாங்கிப் படம் எடுத்து, முழுவதும் தின்ன முடியாமல் வைத்துவிட்டுப் போனவர் அடுத்த வாரம் ஏன் வரவேண்டும்? இதற்கு நேரெதிராக, 2008இல் தொடங்கிய பேக்ட் பை மெலிசா ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் சுட்டு விற்றது. அந்தக் கடை இன்றும் நடக்கிறது. ஒரு வாய் தின்றவருக்கு இன்னொரு வாய்க்கு இடம் இருக்கும் அல்லவா.

சரி, வரிசையை விட்டுவிட்டால் எதை வைத்து ஒப்பிடுவது? ஒப்பிடுவதற்குக் கப்கேக்கைப் போல வசதியான பண்டம் வேறில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். 1796இல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில் சிறு கோப்பைகளில் சுடும் கேக் வருகிறது. 1828இல் எலைசா லெஸ்லி ‘கப் கேக்’ என்ற பெயரிலேயே செய்முறை தந்தார். ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் சர்க்கரை, மூன்று கப் மாவு, நான்கு முட்டை என்று குழந்தைகூட மனப்பாடம் செய்யும் வாய்ப்பாடு அமெரிக்க வீடுகளில் நெடுங்காலம் புழங்கியது. சரக்கு எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், மிஞ்சும் வித்தியாசம் கையிலும் நேரத்திலும்தான் இருக்கிறது. அந்த வித்தியாசம் வெளிப்பட வேண்டுமானால் ரெட் வெல்வெட்டையும் காரமெல் வழியும் ரகங்களையும் ஒதுக்கி, சாதா வெனிலாவை வாங்கவேண்டும். புது ஹோட்டலில் சமையலை எடைபோட நெய் ரோஸ்ட்டை விட்டுவிட்டு வெறும் தோசை கேட்பவரின் புத்தி இது. ரெட் வெல்வெட்டில் க்ரீம் சீஸின் புளிப்பு கேக்கின் குற்றங்குறைகளையெல்லாம் மூடிவிடும். எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாங்கவேண்டும். காலைக் கேக்கையும் மாலைக் கேக்கையும் ஒப்பிட்டால் கிடைப்பது கடிகாரத்தைப் பற்றிய தீர்ப்பு. ஐசிங்கைக் கொஞ்சம் ஒதுக்கி, காகிதத்தை உரித்து, அடிப்பாகத்திலிருந்து கடிக்கவேண்டும். உலர்ந்த கேக்கைக் காப்பாற்றத்தான் பல கடைகளில் ஐசிங் கோபுரம் எழுப்புகிறார்கள். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த அமெரிக்க ஐசிங் காற்றுப்பட்டால் மெல்லிய ஏடு கட்டும். கேக் கண்ணாடிப் பெட்டியில் நெடுநேரம் காத்திருந்ததா என்று அந்த ஏடு ஓரளவு சொல்லிவிடும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, சுற்றுலா வந்தவர் தின்பது கேக்கையா, அவர் தொலைக்காட்சியில் பார்த்த கதையைத்தானே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. கதைக்காக வரிசையில் நிற்பது குற்றமில்லை, திரைப்படத்தில் வந்த பாறையைப் பார்க்க மலையேறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அரை மணி நேரம் கால் கடுக்க நிற்க ஒருவர் விரும்பினால் நிற்கட்டும். ஆனால் ஊர் திரும்பிய பிறகு ‘நியூயார்க்கிலேயே சிறந்த கப்கேக்’ என்று அதற்கு முத்திரை குத்தும்போது, கதைக்குக் கொடுத்த மதிப்பெண் கேக்கின் கணக்கில் ஏறிவிடுகிறது. அடுத்து வருபவர் அதை நம்பி அதே வரிசையில் சேர்கிறார். ப்ளீக்கர் தெருக் கடைக்கு மறுபடி மறுபடி வருகிறவர்களோ வேறொன்றையும் கேட்டு வாங்குகிறார்கள். வெனிலா பிஸ்கட்டையும் வாழைப்பழத் துண்டுகளையும் புட்டிங்கில் அடுக்கி, கிண்ணத்தில் போட்டுத் தரும் பனானா புட்டிங் அது. கடைகளில் கிடைக்கும் உடனடிப் புட்டிங் பொடி, சுண்டிய பால், அடித்த க்ரீம், அந்தப் புட்டிங்கின் முக்கியச் சரக்கு இவ்வளவுதான். செய்முறையைக் கடைக்காரர்களே புத்தகத்தில் அச்சிட்டும் கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிக் காட்சியில் அந்தக் கிண்ணம் வரவில்லை. இன்று மக்னோலியா என்றதும் பலர் முதலில் சொல்வது அதைத்தான்.