மாமியாருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

பிரசவம் முடிந்து குழந்தையோடு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள்ளேயே யோசனைகள் வந்து குவிந்துவிடுகின்றன. "பால் பத்தலை போலிருக்கு, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடு." "உச்சியில எண்ணெய் வை." "காலை வெயில்ல காட்டு, மஞ்சக்காமாலை அண்டாது." "வசம்பைச் சுட்டு நாக்குல தடவு, வயிறு உப்பாது." பாட்டி, மாமியார், எதிர்வீட்டு அக்கா, ஊரிலிருந்து பார்க்க வந்த சித்தி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவற்றில் சில நல்லவை. சில செய்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான். ஒன்றிரண்டு குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடக் கூடியவை. எல்லாமே ஒரே அக்கறையோடும் ஒரே உறுதியோடும் சொல்லப்படுவதுதான் சிக்கல். இருபத்திரண்டு வயதில் முதல் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கும் பெண் எதை எடுப்பாள், எதை விடுவாள்?

இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பெரியவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே, டாக்டர் சொல்வதை மட்டும் கேள் என்பது ஒன்று. நாங்கள் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்பது இன்னொன்று. முதல் பதில் சொல்பவர் இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையோடு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. இரண்டாவதைச் சொல்பவர் பிழைத்தவர்களை மட்டும் கணக்கில் எடுக்கிறார். அவர் தலைமுறையில் ஒரு வயதைத் தாண்டாமல் போன குழந்தைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தமிழ்நாட்டின் நிலையைப் பார்த்தால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது புரியும். இங்கே 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வழக்கத்தில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியா சுமார் 64 சதவீதம். தமிழ்நாடு சுமார் 55. எல்லாரும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் மாநிலம், ஒரு பைசா செலவில்லாத இந்த ஒரு விஷயத்தில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கிறது. இதற்குக் காரணங்கள் பல. சிசேரியன் பிரசவங்கள் பெருகியது ஒன்று, வேலைக்குத் திரும்பும் அவசரம் இன்னொன்று. ஆனால் மருத்துவமனையில் கேட்ட பாடத்தை வீட்டு வாசற்படியிலேயே மாற்றி எழுதிவிடும் யோசனைகளுக்கும் இதில் பெரிய பங்குண்டு.

சேனை வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிறந்த குழந்தையின் நாக்கில் வைத்தால், அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. பாசத்தில் பிறந்த சடங்கு அது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்து, வளர்ச்சியடையாத குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அதுவே தாகம் தீர்க்கும். தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை குறைவாகச் சப்பும். குறைவாகச் சப்பினால் பால் குறைவாகச் சுரக்கும். அப்புறம் "பால் பத்தலை" என்ற சொல் உண்மையாகவே ஆகிவிடும்.

அந்த "பால் பத்தலை" தமிழ் வீடுகளில் ஒரு புதுத் தாயை எவ்வளவு நொறுக்குகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். அந்த நாட்களில் குழந்தையின் வயிற்றுக்கும் அவ்வளவுதான் வேண்டும். நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்திருப்பது அதில்தான். ஆனால் பார்க்க வருபவர்கள் அளவைப் பார்க்கிறார்கள், குழந்தை அழுவதைப் பார்க்கிறார்கள், பால் பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. முதல் வாரம் முடிந்த குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? பிறந்தபோது இருந்து, பிறகு சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பால் போதுகிறது. இந்த இரண்டு கேள்விகளை எதிர்வீட்டு அக்கா கற்றுக்கொண்டால், அந்தத் தெருவில் எத்தனை டப்பாக்கள் திறக்கப்படாமலே இருக்கும்!

அதே பெரியவர்கள் கையில் உள்ள நல்லதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் கை காலை நீவிவிடுவது நல்ல பழக்கம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய்த் தடவல் எடை கூட உதவுகிறது என்று இந்திய மருத்துவர்களின் ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுப்பது புரதம் சேர்க்கும் நல்ல சாப்பாடு. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் பழத்தையும் குறைப்பதுதான் தவறு. குளிப்பாட்டி முடித்ததும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது அதைவிடத் தவறு. மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்கு இறங்கி, ஆண்டிபயாடிக்கில் எளிதில் தீராத ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் எழுதி வருகிறார்கள். பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வாங்கிய வசம்பும் எச்சரிக்கை கேட்கும் பொருள். அதில் உள்ள ஆசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. உரைகல்லில் எத்தனை இழை இழைத்தார்கள், குழந்தைக்கு எவ்வளவு போனது என்பதை அளக்க வழியே இல்லை.

இளவெயில் யோசனையின் கதை வேறு மாதிரி. அதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், 1950-களின் நடுவில், ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்தார். வெயில் நல்லது என்ற எளிய நம்பிக்கையில், நல்ல நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துச் செல்வார். 1956-இல் ஒரு நாள், உடல் முழுவதும் மஞ்சள் வெளுத்து, துணி மூடியிருந்த ஒரு முக்கோண இடம் மட்டும் கடும் மஞ்சளாக இருந்த ஒரு குழந்தையைச் சற்றுத் தயக்கத்தோடு மருத்துவர்களிடம் காட்டினார். ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட ஒரு ரத்த மாதிரியிலும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளின் அளவு எதிர்பாராமல் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்த மருத்துவர்கள் 1958-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று உலகெங்கும் பிறந்த குழந்தைகளின் காமாலைக்குக் கொடுக்கப்படும் ஒளி சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான்.

ஆக, பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மருத்துவமனை விளக்கின் நீல ஒளி, அளந்த வீரியத்தில், ஆடை கழற்றிய உடலின் மேல் பல மணி நேரம் படுகிறது. காலையில் பத்து நிமிடம் முற்றத்தில் காட்டுவது அதற்கு ஈடாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "ரெண்டு நாள் வெயில்ல காட்டிப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் பிலிருபின் மூளைக்குள் இறங்கிவிடலாம். பிறகு காது கேட்காமல் போவதையும் கை கால் முடங்குவதையும் எந்தச் சிகிச்சையாலும் திரும்பச் சரிசெய்ய முடியாது.

பழைய யோசனைகளைவிட இன்று அதிகம் கவலைப்பட வைப்பது புது யோசனைகள்தான். "என் பையனுக்கு எழுதிக் கொடுத்த சிரப் பாதி மிச்சம் இருக்கு, தரட்டுமா?" அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது தினமும் கேட்கும் குரல். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், சொட்டு மருந்தாக வரும்போது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பாக வரும்போது ஐந்து மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம், சிலவற்றில் 250. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். குழந்தையின் எடைக்கு ஏற்ப அளக்க வேண்டிய மருந்தை "எங்க பிள்ளைக்கு ஒரு மூடி கொடுத்தோம்" என்று கைமாற்றுவது ஆபத்து. இருமல் சிரப் இன்னும் மோசம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனைதான் கண்டுபிடித்தது. நச்சு கலக்காத நல்ல இருமல் மருந்தையும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு அப்போது மறுபடியும் அறிவுறுத்தியது.

ஆனாலும், பக்கத்து வீட்டு யோசனையே வேண்டாம் என்று ஒதுக்குவது பெரும் இழப்பு. வயிற்றுப்போக்கு வரும்போது இது நன்றாகத் தெரியும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்தார். குடிக்கக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் உறவினர்களும் நண்பர்களும்தான். முப்பது சதவீதத்தை எட்டிய இறப்பு மூன்று சதவீதத்துக்கு அருகே இறங்கியது. இன்றும் நம் வீடுகளில் "வயித்தைக் காயப்போடு" என்று ஒரு குரலும், "கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடு" என்று ஒரு குரலும் சேர்ந்தே கேட்கின்றன. இரண்டாவது குரல்தான் சரி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அந்தச் சரியான குரல் ஓங்கிக் கேட்கும்படி செய்வதுதான் வேலை.

அது முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2005 முதல் 2008 வரை, ஜார்க்கண்ட், ஒடிசாவின் மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு, பழங்குடிக் கிராமங்களில் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி உட்கார வைத்தது. நடத்தியவர் உள்ளூர்ப் பெண்; மருத்துவப் பட்டம் இல்லாதவர். யாரும் பாடம் எடுக்கவில்லை. கதைகளும் விளையாட்டுகளும் வழியாக, எந்தக் குழந்தை ஏன் இறந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். லான்செட் இதழ் 2010-இல் வெளியிட்ட முடிவுப்படி, கூட்டம் நடந்த பகுதிகளில் பிறந்த ஒரு மாதத்துக்குள்ளான இறப்பு, நடக்காத பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவு. மாறியது பெரும்பாலும் வீட்டுக்குள் செய்யும் பராமரிப்புதான்: கை கழுவுவது, தொப்புள்கொடியைச் சுத்தமாக அறுப்பது போன்றவை.

செனகலில் ஜூடி ஆபெல் என்ற ஆய்வாளர் வேறு கோணத்தில் போனார். அங்கேயும் ஊட்டச்சத்துப் பாடமெல்லாம் இளம் தாய்மாருக்கு மட்டுமே நடந்துகொண்டிருந்தது. வீட்டில் முடிவெடுப்பவர்களோ பாட்டிகள். அவர் பாட்டிகளையே நேராகக் கூட்டிப் பேசினார். அவர்களுக்குத் தெரிந்த நல்லதை முதலில் பாராட்டி, புதியதைப் பிறகு சொன்னார். பாட்டிகள் மாறினார்கள், அவர்கள் வீட்டு மருமகள்களின் பழக்கமும் மாறியது.

இங்கே நடப்பதோ நேர் எதிர். மருத்துவமனை ஆலோசனை முழுவதும் பெற்றவளுக்கு மட்டும். அவள் வீட்டில் போய் "தண்ணி கொடுக்கக் கூடாதாம் அத்தை" என்றால், "நாலு பிள்ளை பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்ற பதில்தான் வரும். குடும்பத்தில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவளிடம், எல்லாரையும் திருத்தும் பொறுப்பைக் கொடுத்து அனுப்புகிறோம். போதாக்குறைக்கு, மூக்கில் எண்ணெய் விட்டதைச் சொன்னால் "படிச்சிருக்கீங்கதானே?" என்று சீறும் மருத்துவர்களும் உண்டு. அப்படித் திட்டு வாங்கிய குடும்பம் அடுத்த முறை எண்ணெயை நிறுத்துவதில்லை, டாக்டரிடம் சொல்வதைத்தான் நிறுத்துகிறது. மருத்துவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான தகவல் அதோடு மறைந்துபோகிறது.

இதை மாற்றப் புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. அங்கன்வாடிகள் வழியாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையலும் கலவை சாதமும் கொடுக்கும் அந்த மேடையில் மாமியார்களையும் அம்மாக்களையும் தனியாக அரை மணி நேரம் உட்காரவைத்து, சேனை, சீம்பால், மூக்கில் எண்ணெய், காமாலை ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசலாம். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று, தாய்க்குச் சொல்லும் அறிவுரையைப் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதை விதியாகவே ஆக்கலாம். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வரும்போது முதலில் பேச வேண்டியது திண்ணையில் இருக்கும் பெரியவரிடம்தான்.

அரசு செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறார்கள். இந்தப் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாட்டியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவர் மனத்தில் உள்ள கேள்விகளை அவரே செவிலியரிடம் கேட்கட்டும்.