தோட்டப் பாதைக்கு ஜல்லி: வரி டன்னில், விலை யூனிட்டில்

தோட்டத்துக்குப் பாதை போட ஜல்லி விலை கேட்டால், "புது வரி வந்துடுச்சுங்க" என்ற பதிலே முதலில் வருகிறது. அந்த வரி உங்கள் லோடில் எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கனிம வளம் உள்ள நிலங்களுக்கான வரி 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு ரூ.90. அதே மாதம் கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபின், சீனியரேஜ் கட்டணம் டன்னுக்கு ரூ.33 ஆக்கப்பட்டது, ஜல்லி, எம்.சாண்ட் விலை யூனிட்டுக்கு ரூ.1,000 குறையும் என்றும் அறிவிக்கப்பட்டது.

வரி டன்னில் இருக்கிறது. நாம் வாங்குவது யூனிட்டில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஜல்லியாக இருந்தால் ஏறக்குறைய 4¼ முதல் 4½ டன். அப்படியானால் புது வரி யூனிட்டுக்குச் சுமார் ரூ.400. சீனியரேஜ் முன்பே இருந்ததுதான். டீசல், லாரி வாடகை, மற்ற கட்டணங்கள் தனி. ஆனால் வரியை மட்டும் காட்டி ரூ.1,000, ரூ.1,500 கூட்டிக் கேட்டால் நீங்கள் பேரம் பேசலாம்.

இனி அளவு. டிராக்டர் போகும் பாதை 100 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனம் என்றால் 500 கன அடி. உருளை ஓட்டியதும் ஜல்லி அமுங்கும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 600 கன அடி, அதாவது 6 யூனிட். இது ஒன்றரை இஞ்சு ஜல்லிக்கான கணக்கு. இடுக்கை அடைக்க கிரஷர் தூசி, ஜல்லியில் நான்கில் ஒரு பங்கு தனியாக வேண்டும். கரிசல் காட்டில் நேராக ஜல்லியைக் கொட்டாதீர்கள். முதல் மழையிலேயே மண் அதை விழுங்கிவிடும். அடியில் செம்மண் கிராவல் பரப்பி இறுக்கிய பிறகே ஜல்லி. கரிசல்காரர்களுக்குச் செலவு கூடத்தான் செய்யும், வேறு வழியில்லை.

பெரும்பாலும் பணம் போவது டிரெய்லரில். "ஒரு யூனிட்" என்று வரும் டிரெய்லரின் உட்புறத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 1½ அடி உயரம் இருந்தால் அது 90 கன அடிதான். ஆறு லோடில் 60 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் மேல் குறைந்துவிடும். குவித்து ஏற்றியிருப்பதைப் பார்த்து ஏமாறாமல், மேலே சமமாக நிரவிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

டன் கணக்கில் வாங்கினால் எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள்; காலி வண்டி எடையும் அதில் இருக்க வேண்டும். நனைந்த தூசியை எடை போட்டு வாங்காதீர்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததாகிவிடும். குவாரி லாரியோடு வரும் நடைச்சீட்டில் உள்ள அளவையும், கொட்டிய அளவையும் ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.