சுருட்டுக்குப் பதம், வாய்க்கு?

நகரத்து நண்பர்கள் சிலருக்கு இப்போ சிகார் ஆசை வந்திருக்கு. "எப்படிப் பத்திரப்படுத்துறது?"னு விவசாயிகிட்ட கேக்குறாங்க. சொல்றேன்.

விதைநெல் நல்லாக் காஞ்சு இருக்கணும். சுருட்டு அப்படியில்லை, பதமா இருக்கணும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி. காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று போட்டால் போதும். ஃபிரிட்ஜில் திறந்தாப்ல வைக்காதீங்க. காஞ்சு மேல் இலை வெடிக்கும், மீன்குழம்பு வாசமும் ஏறும். ஈரம் கூடினால் பூஞ்சணம். 25 டிகிரி தாண்டினால் புகையிலை வண்டு முட்டை பொரிச்சு, உளுந்தில் போடுற மாதிரி ஓட்டை போட்டுடும்.

கியூபாவையே பெருசாப் பேசுறோம். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம சுருட்டுதான். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சி சுருட்டின் சாம்பல் துப்பாக வருது.

பெருமை சரி. ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்க, "புகையை உள்ளே இழுக்குறதில்லையே, ஒண்ணும் ஆகாது" என்கிறாங்க. இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஈரமான புகையிலையைப் பறிக்கிறவங்களுக்குத் தோல் வழியாவே நிக்கோடின் ஏறி வாந்தியும் தலைசுத்தலும் வரும். தடிச்ச தோலே உறிஞ்சுதுன்னா, வாயின் மெல்லிய சவ்வு சும்மா இருக்குமா? வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய்க்கு சிகாரும் காரணம்தான்.

பரிசா வந்த சிகார் இருந்தா டப்பாவில் அழகா வச்சுக்கோங்க. இன்னும் பத்தவைக்காதவங்க பத்தவைக்க வேண்டாம். பெட்டிக்குக் காட்டுற அக்கறையில் பாதியை வாய்க்கும் காட்டுங்க.